கிழி தாழ்ந்த கம்பமும் ஆய்ப்பாடி முற்றமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பெரியாழ்வார் திருமொழியில் திருப்பல்லாண்டை அடுத்து அமைந்தது ‘வண்ண மாடங்கள்’ என்னும் பதிகம். கண்ணபிரான் திருவவதரித்த செய்தி கேட்டு ஆய்ப்பாடி என்ன பாடுபட்டது என்பதைப் பேசுவது அது. பிறந்த பிள்ளையின் திருமேனியழகுக்கு வருமுன் ஆழ்வார் நமக்குக் காட்டுவது முற்றத்துச் சேற்றை. எண்ணெயையும் சுண்ணப்பொடியையும் ஆயர்கள் எதிரெதிரே நின்று இறைத்ததில் நந்தகோபர் திருமாளிகை முற்றம் முழுதும் குழம்பிப் போயிற்றாம். அந்தச் சேற்றில் ஓடுகிறார்கள், விழுகிறார்கள், உகந்து கூவுகிறார்கள், ‘நம் பிரான் எங்குள்ளான்’ என்று தேடுகிறார்கள், பாடுகிறார்கள், பறை முழங்க ஆடுகிறார்கள். நெய்யும் பாலும் தயிரும் எங்கும் சிந்துகின்றன. உறிகளையெல்லாம் முற்றத்தில் கொண்டுவந்து உருட்டிவிட்டு நின்று கூத்தாடுகிறார்கள்.

உறி என்பது என்ன? ஆயர் குடியில் பாலும் தயிரும் வெண்ணெயுமே செல்வம். அந்தச் செல்வத்தைப் பூனைக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத உயரத்தில் கயிற்றில் தொங்கவிட்டுக் காப்பதற்கு அமைந்தது உறி. ஆக, எட்டாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட பொருள் அது. அவன் பிறந்த அன்று அந்த உறியைத் தாங்களே இறக்கி உருட்டிவிட்டார்கள். பின்னாளில் அப்பிள்ளை உரல்மேல் ஏறியும் தோழர் தோள்மேல் ஏறியும் உறிவெண்ணெயை எடுத்தது களவு என்று யசோதைப் பிராட்டியிடம் முறையிடப்பட்டது. முதல் நாளே தாங்கள் இறக்கிக் கொடுத்ததை அவர்கள் மறந்தார்கள் போலும்!

ஸ்ரீஜயந்தியை ஒட்டித் தமிழகத்துப் பெருமாள் கோயில்களிலும் கிருஷ்ணன் கோயில்களிலும் நடைபெறும் உறியடியும் வழுக்குமரமும் இந்த முற்றத்தின் தொடர்ச்சியேயாகும். திருவரங்கத்தில் உறியடி உண்டு. திருமலையில் கோகுலாஷ்டமிக்கு மறுநாள் உட்லோத்ஸவம் என்ற பெயரில் நடக்கிறது. மலையப்ப ஸ்வாமியும் கிருஷ்ணனும் வீதியில் எழுந்தருளி நின்று அதனைக் கடாக்ஷிக்கிறார்கள். தஞ்சை மாவட்டத்து வரகூரில் வேங்கடேசப் பெருமாள் திருமுன்பே நடக்கும் உறியடியையும் வழுக்குமரத்தையும் காணவே வெளியூர்களில் வாழும் அவ்வூரார் ஆண்டுதோறும் திரும்பி வருகிறார்கள். கிருஷ்ண லீலா தரங்கிணி அருளிய நாராயண தீர்த்தர் வாழ்ந்த ஊர் அது.

தென் திசையில், 1959-இல் காமராசர் திறந்துவைத்த வைகை அணையைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே விளையாட்டைக் காண்கிறோம். இந்நிலத்தில் மாடு வளர்ப்போர் குடிகள் மிகுதி; கண்ணனை அவர்கள் ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று சொல்வது உபசார வார்த்தையன்று. கம்பத்தில் நந்தகோபாலன் பெயரால் மாட்டுத்தொழு இருக்கிறது. கம்பராயப் பெருமாள் கோயில் இருக்கிறது. ஆண்டிபட்டிக்கு அருகே ஜம்புலிபுத்தூரில் கதலி நரசிங்கப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். இம்மண்ணின் பெரிய ஊர் ஒன்றுக்குக் ‘கம்பம்’ என்றே பெயர் அமைந்ததையும், நாம் இங்குப் பேசப்போவது கம்பங்களைப் பற்றியே என்பதையும் நினைக்கையில் சிறு புன்முறுவல் தோன்றத்தான் செய்கிறது.

பார்த்தறியாத அன்பர்களுக்காகப் போட்டியின் முறையைச் சொல்லிவிடுகிறோம். நேராக வளர்ந்த மரம் ஒன்றைப் பட்டை உரித்து, கணு செதுக்கி, வழவழப்பாக இழைத்துப் பொட்டலில் நடுவார்கள். விளக்கெண்ணெயும் சோற்றுக்கற்றாழைச் சோறும் இன்னும் வழுக்கக்கூடிய பண்டங்களும் அதன்மேல் பூசப்படும். உச்சியில் பணமுடிப்பு, சில ஊர்களில் வேட்டி, துண்டு, பாத்திரம், பழம் ஆகியவையும் கட்டப்படும். ஏறுகிறவர்கள்மேல் சுற்றி நிற்பவர்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மஞ்சள் நீரைக் குடம் குடமாக ஊற்றுவோரும் உண்டு. உறியடியிலோ பானை கயிற்றில் ஏறி இறங்கும்; அடிக்க வருபவனுடைய கோல் எட்டும் சமயத்தில் கயிற்றுக்காரர் சுண்டி இழுத்துவிடுவார். இரண்டிலும் போட்டியாளனுக்கு எதிரி மற்றொரு போட்டியாளன் அல்லன். ஊர் முழுவதுமே அவனுக்கு எதிரி. அப்படி எதிர்க்கிற ஊரே அவன் வெல்ல வேண்டும் என்றும் விரும்புகிறது! தண்ணீரை முகத்தில் அடித்தவரே அவன் உச்சியைத் தொட்டதும் முதலில் கூவுகிறார். உலகில் வேறு எந்தப் பந்தயத்துக்கு இந்த இலக்கணம் பொருந்தும் என்று தெரியவில்லை.

இனி, இந்தப் போட்டியில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. முதலில் ஏறுகிறவன் ஏறுவதற்காக ஏறுவதில்லை. ஓராள் உயரம், இரண்டாள் உயரம் போய்ச் சறுக்கி விழுகிறான், பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். அவன் விழும்போது மரத்தின் எண்ணெயில் ஒரு பகுதி அவன் மார்பிலும் தொடையிலும் ஒட்டிக்கொண்டு கீழே வந்துவிடுகிறது. அடுத்தவன் விழும்போது இன்னும் சிறிது வருகிறது. இப்படிப் பத்துப் பேர் சறுக்கிய பிறகே மரம் பிடி கொடுக்கத் தொடங்கும். அதன்பின் ஆறேழு பேர் மரத்தைக் கட்டிக்கொண்டு அடிவரிசையாக நிற்க, அவர்கள் தோள்மேல் மூவர், அவர்கள்மேல் இருவர், அவர்கள்மேல் ஒருவன் என்று ஏறுவார்கள். உச்சியைத் தொடுபவன் பெரும்பாலும் எல்லாரினும் இளையவன், எடை குறைந்தவன்.

நாமும் இளமையில் இரண்டு ஆண்டுகள் அடிவரிசையில் நின்றிருக்கிறோம். தோள்பட்டை எலும்பின்மேல் பிறர் குதிகால் அழுந்தும் வலி பெரிதாகத் தோன்றுவதில்லை. விந்தையாயிருப்பது வேறொன்று. அடிவரிசைக்காரன் நெற்றியை மரத்தோடு அழுத்திக்கொண்டு நிற்கிறான். அண்ணாந்து பார்க்க அவனுக்கு இயலாது. பார்த்தால் மேலுள்ள அனைவரும் சரிவார்கள். உச்சியில் இருக்கும் முடிப்பை அந்த விளையாட்டு நடக்கும் நேரம் முழுதும் அவன் காண்பதேயில்லை. கூட்டத்தின் ஆரவாரம் கேட்டுத்தான், மேலே யாரோ தொட்டுவிட்டார்கள் என்று அறிகிறான்.

நம் ஆசார்ய பரம்பரையை அநுஸந்திக்கும்போதெல்லாம் இந்த நிலை நினைவுக்கு வருகிறது. மறைந்துபோன நாலாயிரத்தை மீட்டுக்கொடுத்தவர் நாதமுனிகள். பின்னே அவதரிக்கப்போகும் எம்பெருமானாரை அவர் தம் காலத்தில் கண்டாரல்லர். உய்யக்கொண்டார் கண்டாரல்லர், மணக்கால் நம்பி கண்டாரல்லர். ஆளவந்தார் காஞ்சியில் இளையாழ்வாரைத் தூரத்திலிருந்து ஒருமுறை கடாக்ஷித்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. ஒருவர் தோள்மேல் ஒருவர் நின்ற அந்த வரிசையின் பயனைப் பெற்றவர்கள், திருக்கோட்டியூரில் எம்பெருமானார் ஏறி நின்று உரைத்ததைக் கேட்டவர்கள். அந்தத் திருமந்திரார்த்தத்துக்காக அவர் திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்ததையும் இங்கே எண்ணுக. எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பிய நடை அது!

பெரியாழ்வார் திருமொழியின் வ்யாக்யானமே இதற்கு மற்றொரு சான்று. பெரியவாச்சான் பிள்ளை அருளிய உரையில் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மணவாள மாமுனிகள் முழுவதையும் புதிதாக எழுதிவிடாமல், அழிந்துபோன இடம் வரையில் மட்டும் எழுதி, எஞ்சிய இடத்தில் பிள்ளையின் திருவாக்குக்கே வழிவிட்டு நிறுத்திக்கொண்டார். மேலே ஏறக் கூடியவர், தோளாக நின்றார் என்று இதனைக் கொள்வதில் பிழையில்லை என்றே நினைக்கிறோம்.

இவ்வளவும் சொல்ல நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. வைகை அணைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் பஜனை மடத்தில் பெரியாழ்வார் வைபவம் சொல்லி முடித்தபோது, ஒரு தாயார் எழுந்து வினவினார். அவருடைய மகன் கல்லூரியில் படிக்கிறவன். ஊர் இளைஞர் அணியோடு சேர்ந்து அவ்வாண்டு வழுக்குமரம் ஏறப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். “பெருமாளே கதி என்றிருக்கிற குடும்பத்துப் பிள்ளை, பணமுடிப்புக்காக நாலு பேர் முன்னால் உடம்பு பலத்தைக் காட்டி ஏறலாமா சுவாமி? அது நம் ஸ்வரூபத்துக்குச் சேருமா?” என்று கேட்டார். சற்று நிறுத்தி, “விழுந்துவிட்டால் என்ன செய்வேன்?” என்றும் கேட்டார். முதற்கேள்வி சாஸ்திரக் கேள்வி. இரண்டாவது தாயின் கேள்வி. இரண்டாவதே பெரிய கேள்வி என்பது எம் துணிபு. ஆயினும் முதற்கேள்விக்கு விடை சொல்லிவிட்டே அதற்கு வர வேண்டும்.

பொற்கிழிக்காகப் போட்டியில் கலந்துகொண்டவர் நம் சம்பிரதாயத்தில் ஒருவர் இருக்கிறார். அவர் பெரியாழ்வாரே. பாண்டியன் வல்லபதேவன் பரதத்துவம் எது என்று அறிய விரும்பினான். செல்வ நம்பி சொற்படி, பொற்கிழி ஒன்றைக் கம்பத்தில் கட்டுவித்து, பரதத்துவத்தை நிலைநாட்டுவோர் அதனைப் பெறலாம் என்று பறையறைவித்தான். வித்துவான்கள் பலர் வந்தார்கள். வில்லிபுத்தூரிலே வடபெருங்கோயிலுடையானுக்கு நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தருக்கு இதில் எந்த நாட்டமும் இல்லை. எம்பெருமான் நியமித்தான். ‘மண்ணைக் கொத்திப் பூப்பறிக்கும் அடியேனுக்கு வேத விசாரம் ஏது’ என்று ஆழ்வார் பின்வாங்கினார். ‘பேசுவிக்கிறவர் நாமன்றோ, நீர் போம்’ என்றான் அவன். கூடல் மாநகருக்கு எழுந்தருளி, வேதங்களிலிருந்து பிரமாணங்களை எடுத்து அடுக்கி, ஸ்ரீமந் நாராயணனே பரதத்துவம் என்று ஸ்தாபித்தார். அப்போது கம்பம் தானே தாழ்ந்தது. கிழியை ஆழ்வார் அறுத்துக்கொண்டார்.

தேனியிலிருந்து வைகையோடு இறங்கினால் வந்து சேரும் அதே மதுரையில் நடந்தது இது. அணைக்கும் மதுரைக்கும் சுமார் 70 கிலோமீட்டர். மேலே ஒரு கம்பத்தில் இளைஞர்கள் ஏறுகிறார்கள். கீழே ஒரு கம்பம் தானே வளைந்து கொடுத்தது. இரண்டையும் வைத்துப் பார்த்து, ‘ஏறுவது தன்முயற்சி, அது தாழ்வு, வளைவது க்ருபை, அது உயர்வு’ என்று சொல்லிவிடுவது எளிது. உபந்யாசங்களில் அப்படிச் சொல்லக் கேட்டுமிருக்கிறோம். ஆனால் ஆழ்வார் சரித்திரம் அவ்வளவு எளிய பாடத்தைச் சொல்லவில்லை. கம்பம் வளைந்தது உண்மை. அதற்குமுன் அவர் வில்லிபுத்தூரிலிருந்து மதுரை வரை சென்றார். வித்துவான்களின் சபையில் நின்றார். பிரமாணங்களைச் சளைக்காமல் பேசினார். ‘கம்பம்தான் வளையப்போகிறதே’ என்று நந்தவனத்திலேயே இருந்துவிடவில்லை. முயற்சி அங்கே குறைவற இருந்தது. அம்முயற்சியை அவர் உபாயமாக, அதாவது பேற்றுக்கு விலையாக, நினைக்கவில்லை என்பதே வேறுபாடு. அனுப்பியவன் சொன்னதைச் செய்தார், அது கைங்கர்யம். கிழி வந்தது அவன் கொடுத்தது.

ஆகவே உடம்பு பலத்தைச் செலவிடுவதனால் ஸ்வரூபத்துக்குக் குறை நேர்வதில்லை. ‘நான் ஏறினேன், நான் எடுத்தேன்’ என்னும் அஹங்காரத்தினாலேயே குறை நேரும். வழுக்குமரம் அந்த எண்ணத்துக்கு அதிகம் இடம் கொடுப்பதில்லை என்பதும் கருதத்தக்கது. தோளில் நிற்கிறவன் தன் காலுக்குக் கீழே எத்தனை பேர் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை உள்ளங்காலாலேயே அறிந்திருப்பான். மேடைமேல் தனியே நின்று பரிசு வாங்கும் போட்டிகளில், கல்விப் போட்டிகள் உட்பட, இந்த அறிவு வாய்ப்பது அரிது. நம் இல்லங்களில் பிள்ளைகளை அவற்றுக்குத் தயங்காமல் அனுப்புகிறோம். அங்கே ஸ்வரூபம் பற்றி எவரும் கேட்பதில்லை.

‘பணமுடிப்புக்காக’ என்றாரே, அதற்கு விடை திருப்பல்லாண்டிலேயே இருக்கிறது. கிழியறுத்த ஆழ்வாரைப் பட்டத்து யானைமேல் ஏற்றிப் பாண்டியன் நகர்வலம் செய்வித்தான். பட்டர்பிரான் என்று பட்டம் கொடுத்தான். தன் பிள்ளைக்கு நடக்கும் சிறப்பைக் காணும் தாய்தந்தையரைப் போல, எம்பெருமான் பிராட்டியோடு கருடன்மேல் ஆகாயத்தில் வந்து ஸேவை சாதித்தான். வெற்றி பெற்றவன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? தன்னைப் பார்ப்பான், அல்லது கொடுத்தவனைப் பார்த்து இன்னும் ஒன்று கேட்பான். ஆழ்வாருக்கோ, ‘காலம் நடையாடும் இந்த நிலத்தில், எல்லாருடைய கண்ணும் படும்படி இவன் வந்து நிற்கிறானே, இவனுக்கு என்ன தீங்கு வருமோ’ என்ற அச்சம் பிறந்தது. யானையின் கழுத்து மணிகளையே தாளமாகக் கொண்டு பல்லாண்டு பாடத் தொடங்கிவிட்டார்.

தனியே பாடி அமையவில்லை. பன்னிரண்டு பாசுரங்களில் மூன்றாவது முதல் ஐந்தாவது வரை ஊரையே கூவி அழைக்கிறார். பகவானையே விரும்பினவர்களை அழைக்கிறார். ஆத்மாநுபவமான கைவல்யத்தை விரும்பினவர்களை அழைக்கிறார். செல்வத்தை விரும்பின ஐச்வர்யார்த்திகளையும் அழைக்கிறார். அடுத்த ஆறு பாசுரங்களில் அம்மூவகையாரும் வந்து சேர்ந்து பாடுகிறார்கள் என்பது வ்யாக்யானம் காட்டும் வழி. இவர்களுள் ஐச்வர்யார்த்தியின் பாசுரத்தைச் சற்று நின்று அநுபவிக்க வேண்டும். அவன் வந்தும் தன் பழைய கணக்கை மறக்கவில்லை. நெய் மிகுந்த நல்ல சோறு, அடைக்காய், கழுத்துக்கு அணி, காதுக்குக் குண்டலம், மெய்க்குச் சாந்து என்று தனக்குக் கிடைத்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறான். வழுக்குமர உச்சியில் தொங்கும் பண்டங்களின் பட்டியலைப் போலவே இருக்கிறது அது! ஆழ்வார் அவனை ‘முதலில் ஆசையை விட்டு வா’ என்று வாசலில் நிறுத்திவைக்கவில்லை. வந்து பாடு என்றார். பாடப் பாட அவன் தூயனானான்.

இதனால், முடிப்புக்காக மரத்தடிக்கு வருகிறவனை நாம் விலக்க வேண்டியதில்லை. முடிப்புக்காக வருகிறவன், பலத்தைக் காட்ட வருகிறவன், கண்ணனுக்காக வருகிறவன் என மூவரும் அந்தப் பொட்டலில் இருக்கிறார்கள். மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் நின்றாலொழிய எவனும் மேலே போக முடியாது என்று அவ்விளையாட்டின் விதியே அமைந்திருக்கிறது.

இனித் தாயாரின் இரண்டாம் கேள்வி. “விழுந்துவிட்டால் என்ன செய்வேன்?”

இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ள நமக்கு உரிமையில்லை. ஏனெனில் பெரியாழ்வாரைப் பெரியாழ்வாராக்கியதே இவ்வகை அச்சம்தான். மற்றை ஆழ்வார்களும் எம்பெருமானுக்கு மங்களாசாஸனம் செய்தார்கள். ஆனால் இவருக்கு அதுவே நித்தியமாகிவிட்டது என்று பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் வேறுபடுத்திக் காட்டுகிறார். அந்தப் பரிவினாலேயே இவருக்குப் ‘பெரிய’ என்ற அடைமொழி வந்தது என்று மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் அருளினார். உலகைக் காப்பவனுக்கு ஒரு தீங்கு வருமோ என்று நடுங்குவது தத்துவ ஞானத்துக்குப் பொருந்தாதது போலத் தோன்றும். அன்பு முற்றினால் ஞானம் அந்த இடத்தில் கண்மூடி நிற்கும் என்பது பூர்வர்கள் கண்டது. மாலை நேரத்தில் விளையாடித் திரியும் கண்ணனை, ‘நாற்சந்தியில் நில்லாதே, அந்திக்காப்பிட வா’ என்று யசோதையாகி அழைக்கும் பதிகமும் இவருடையதே. திருவெள்ளறைப் பெருமானைக் குழந்தையாக்கிக்கொண்டு பாடியது அது. மகன் மரமேறும் மாலையில் அத்தாயார் மரத்தடிக்கு வர மனமில்லாமல் வீட்டிலிருந்தால் அந்தப் பத்துப் பாசுரங்களையும் சொல்லிக்கொண்டிருக்கலாம் என்றோம். வந்து நின்றால் இன்னும் நல்லது. ஏறுகிறவனைவிட, கீழே நின்று அவன்மேல் நெஞ்சை வைத்திருப்பவளே ஆழ்வாருடைய நிலைக்கு அணியள்.

பரிவு என்பது பாசுரம் சொல்வதோடு நிற்பதும் அன்று. வடநாட்டில் இதே கண்ணன் விளையாட்டு தஹி ஹண்டி என்ற பெயரில் மிகப் பெரிதாக வளர்ந்து, மனிதக் கோபுரங்கள் உயர உயர விபத்துகளும் நேர்ந்தன. மும்பை உயர்நீதிமன்றம் 2014-இல் கோபுரத்தின் உயரம் 20 அடிக்கு மேல் போகலாகாது, 18 வயது நிரம்பாதவர் ஏறலாகாது என்று வரம்பிட்டது. பின்பு 2017-இல் உயர வரம்பு நீங்கியது, 14 வயதுக்குட்பட்டவர் ஏறலாகாது என்பது நின்றது. மகாராஷ்டிர அரசு 2022-இல் அதனைச் சாகச விளையாட்டாக ஏற்றது. கடல் கடந்து ஸ்பெயின் தேசத்துக் கட்டலோனியாவிலும் திருவிழாக் காலங்களில் மனிதக் கோபுரம் எழுப்புகிறார்கள். யுனெஸ்கோ 2010-இல் அதனை மானுட மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அங்கே உச்சியில் ஏறும் சிறு பிள்ளைக்குத் தலைக்கவசம் உண்டு. அதனினும் சிறந்த ஏற்பாடு, கோபுரத்தின் அடியைச் சுற்றி ஊரார் நெருக்கி நிற்கும் கூட்டம். அக்கூட்டம் கோபுரத்தைத் தாங்குகிறது. மேலிருந்து யாரேனும் விழுந்தால் அவரையும் தாங்குகிறது. நம் ஊர்களில் மரத்தைச் சுற்றி நிற்பவர்கள் தண்ணீர் இறைப்பதோடு இதையும் கற்கலாம். மரத்தடியில் மணலோ வைக்கோலோ தாராளமாகப் பரப்புவதற்குப் பெரிய செலவில்லை. எண்ணெய்க்கும் கற்றாழைக்கும் பதிலாக இயந்திரக் கசடு பூசும் வழக்கம் சில இடங்களில் புகுந்திருக்கிறது; அது கண்ணில் பட்டால் எரிகிறது, தோலைப் புண்ணாக்குகிறது. ஆய்ப்பாடி முற்றத்தில் சிந்தியவை நெய்யும் பாலும் தயிரும் என்பதை நினைத்தாவது அதனை விட்டுவிட வேண்டுகிறோம். குடித்துவிட்டு வந்தவனை அணியில் சேர்க்கலாகாது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. அடிவரிசையில் நின்றவர்களுக்கே அது நன்றாகத் தெரியும்.

தண்ணீர் இறைப்பது மட்டும் நிற்க வேண்டாம். சித்திரையில் அழகர் வைகையில் எழுந்தருளும்போது, விரதமிருந்து தோல்துருத்தியில் நீர் நிரப்பி அவர் திருமேனிமேல் பீச்சுகிறார்களே, அந்தக் கைகளுக்கும் இங்கே குடம் சாய்க்கும் கைகளுக்கும் உறவு இருக்கிறது. அழகருக்காகத் திறந்துவிடுவதும் இந்த அணையின் நீரைத்தான். வெயிலில் வந்தவரைக் குளிர்விப்பது அங்கே; ஏறுகிறவனை வழுக்கச் செய்வது இங்கே. இரண்டும் உகப்பின் செயல்.

ஸ்ரீஜயந்தி நெருங்குகிறது. போட்டி நடத்தும் ஊர்ப் பெரியவர்களிடமும் இளைஞர்களிடமும் சில விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம். மரத்தில் முதல் ஆள் கைவைக்குமுன் திருப்பல்லாண்டையும் ‘வண்ண மாடங்கள்’ பதிகத்தையும் சேவித்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இருபத்திரண்டு பாசுரங்கள். நிதானமாகச் சேவித்தாலும் அரைமணி நேரம் ஆகாது. அதுவரை திரைப்பாட்டு ஒலிபெருக்கி ஓய்ந்திருக்கட்டும். உச்சியில் பணமுடிப்போடு ஒரு துளசி மாலையையும் கட்டுங்கள். முடிப்பை எடுத்தவன் அம்மாலையோடு இறங்கிவந்து பெருமாள் திருமுன்பே சமர்ப்பிக்கட்டும். தீர்த்தமும் ஸ்ரீசடகோபமும் சாதிக்கும்போது உச்சியைத் தொட்டவனை முதலில் அழைப்பது வழக்கமாயிருக்கிறது. அர்ச்சகஸ்வாமி திருவுள்ளமானால், மரத்தில் நெற்றியை அழுத்திக்கொண்டு முடிப்பைக் காணாமலே நின்ற அடிவரிசைக்காரர்களுக்கு முதலில் சாதிக்கலாம், அவர்களுக்குப்பின் முதன்முதல் ஏறிச் சறுக்கினவனுக்கு, அப்புறம் மற்றவர்களுக்கு.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.